ஒரு தொண்டைக்கு இரண்டு இருமல்

என் அண்ணி இருமலுக்கு டாக்டர். ஆஸ்பத்திரிப் பலகையில் நெஞ்சு நோய் நிபுணர் என்று கௌரவமாகத்தான் எழுதியிருந்தது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி யாரும் எங்கள் தெருவில் வழி கேட்டதில்லை. "இருமல் டாக்டரம்மா வீடு எது?" என்பார்கள். பாதிப் பேர் அதைக்கூடக் கேட்பதில்லை. தெருமுனையில் நின்று ஒருமுறை இருமினால் போதும், பார்த்தவர்கள் கையைக் காட்டிவிடுவார்கள்.

அவளுடைய அப்பா லாரி மெக்கானிக். பட்டறையில் எண்ணெய்ப் பிசுக்குக்கு நடுவில் தவழ்ந்து வளர்ந்தவள். லாரி தெருவுக்குள் திரும்பும்போதே, "அப்பா, பின் சக்கரத்துல பேரிங் போச்சு" என்று சொல்லிவிடுவாளாம். லாரி அப்போது அடுத்த ஊரையே தாண்டவில்லை என்றும் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பியது நான்தான், அதனால் அதைப் பாதிக்கு மேல் நம்ப வேண்டாம்.

மருத்துவக் கல்லூரியில் கடைசிப் பரீட்சையன்று நடந்ததை மட்டும் முழுசாக நம்பலாம். நோயாளியைப் படுக்க வைத்துப் பரிசோதிக்கச் சொல்லிவிட்டு, தேர்வாளர் பக்கத்தில் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டே இருந்தார். அண்ணி ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றினாள்.

"என்னம்மா, இவருக்கு என்ன?"

"இவர் பரவாயில்லை சார். உங்களுக்குத்தான் எக்ஸ்ரே எடுக்கணும்."

மனிதர் முறைத்துப் பார்த்துவிட்டுப் போனார், ஆனால் படம் எடுத்தார். படத்தில் வலது பக்கம் ஒரு நிழல் உட்கார்ந்திருந்தது. பழி வாங்கினாரா, பாராட்டினாரா என்றால் இரண்டும்தான். முதல் மதிப்பெண் போட்டார், தன் வைத்தியம் முழுவதையும் அவள் தலையிலேயே கட்டினார்.

என் அண்ணனை அவள் பிடித்ததும் இதே வழியில்தான். அண்ணன் கடைத்தெருவில் கடிகாரம் பழுது பார்ப்பவன். கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு குனிந்தால், வாடிக்கையாளர் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. நின்றுபோன கைக்கடிகாரத்தோடு இவள் போய் நின்றிருக்கிறாள். அவன் நிமிராமலே இருமியிருக்கிறான்.

"எத்தனை நாளா இருமல்?"

"வாட்ச் எத்தனை நாளா ஓடலைன்னு நான் கேக்கணும். நீங்க என்னைக் கேக்கறீங்க?"

"வாட்ச் கிடக்கட்டும். உங்களுக்கு இடது பக்கம் அடியில சளி கட்டியிருக்கு. நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வாங்க."

போனான். இடது பக்கம் அடியில்தான் இருந்தது. நெஞ்சு சரியான பிறகும் மறுபரிசோதனை, மறுபரிசோதனை என்று போய்க்கொண்டே இருந்தான். கடைசியில் அவளே, "உங்களுக்கு இனி ஒண்ணும் இல்லை, வேற காரணம் இருந்தா நேராச் சொல்லுங்க" என்று சொல்ல வேண்டியதாகிவிட்டது. கல்யாணத்துக்குப் பிறகும் அந்தக் கைக்கடிகாரம் ஓடவில்லை. வைத்தியர் வீட்டில் வைத்தியம் நடக்காது, மெக்கானிக் வீட்டில் மிதிவண்டி ஓடாது. எங்கள் குடும்பம் இரண்டுக்கும் சாட்சி.

ஆராய்ச்சி என்று அவள் ஆரம்பித்தது எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு. சூட்கேஸ் அளவில் ஒரு டேப் ரெக்கார்டர் வாங்கினாள். நோயாளிகள் சம்மதித்தால் அவர்களுடைய இருமலைப் பதிவு செய்வாள். வீட்டுக்குக் கொண்டுவந்து திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பாள். மற்ற வீடுகளில் வானொலியில் பாட்டுக் கேட்கும், எங்கள் வீட்டில் கூடத்தில் உட்கார்ந்து ஊரே இருமும். விருந்தாளிகள் வந்தால் அரை டம்ளர் காபியோடு எழுந்துவிடுவார்கள். ஒருநாள் பட்டப்பகலில் திருடன் ஒருவன் பின்கதவு வழியாக வந்திருக்கிறான். உள்ளே ஒரு படையே உட்கார்ந்து இருமிக்கொண்டிருப்பதைக் கேட்டு, தான் கொண்டுவந்த பையையும் போட்டுவிட்டு ஓடினான். அந்தப் பையில்தான் ரொம்ப நாள் நான் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தேன்.

"ஏன் அண்ணி, இதுல அப்படி என்னதான் இருக்கு?" என்று கேட்டால், "நீ ஆளைப் பார்த்துப் பேர் சொல்றே இல்லை? நான் இருமலைக் கேட்டு ஆளைச் சொல்றேன், அவ்வளவுதான்டி வாயாடி" என்பாள். சும்மா சொன்னதல்ல. ஒரு முறை கேட்ட இருமலை அவள் மறந்ததே இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் யாராவது இருமினால், ஆள், வயது, என்ன கோளாறு, மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா இல்லையா என்பது வரைக்கும் சொல்லிவிடுவாள். அந்தக் காதின் மேல் அவளுக்கு அவ்வளவு கர்வம்.

எங்கள் ஊரில் பாதி வீடுகளில் அடுப்பு எரிந்தது பஞ்சாலையால்தான். அங்கே கார்டிங் பகுதி என்று ஒன்று உண்டு. மூட்டைப் பஞ்சை மெஷின்கள் சீவிச் சீவி நார் நாராக்கும் இடம். அங்கே காற்றே வெள்ளையாக இருக்கும். உள்ளே போகிறவர்கள் கறுத்த முடியோடு போய்க் கிழவர்களாகத் திரும்புவார்கள், தலையைத் தட்டினால் மறுபடியும் வயது குறையும். தூசியை உறிஞ்சி வெளியே தள்ளும் மெஷின் வேண்டும் என்று தொழிலாளர்கள் கேட்டார்கள். தூசியால் நெஞ்சு கெடுகிறது என்று முதலில் ஒரு டாக்டர் சொல்லட்டும் என்றது நிர்வாகம். எந்த டாக்டர் என்று வந்தபோது இரண்டு பக்கமும் ஒரே ஆளைக் கை காட்டின.

அண்ணிக்குச் சனிக்கிழமை பிற்பகல் ஆஸ்பத்திரி விடுமுறை. அதனால் சனிக்கிழமைதோறும் மில்லுக்குப் போனாள். மேனேஜர் நல்ல மனிதர். மின்விசிறி போட்ட அறை, மேஜை நிறையக் காகிதம், வேளாவேளைக்குத் தேநீர் என்று குறை வைக்கவில்லை. ஆட்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு நெஞ்சைக் கேட்டாள், கேள்வி கேட்டாள், கையடக்கமான ஒரு மீட்டரில் ஊதச் சொன்னாள். ஊதினால் முள் ஏறும். மூச்சில் வலு இருந்தால் மேலே, இல்லாவிட்டால் கீழே. ஒரு வருடம் முழுக்க இப்படி. பிறகு கடைத்தெருவில் துணிக்கடை, பாத்திரக்கடை ஆட்களையும் ஊத வைத்து ஒப்பிட்டாள். பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை. இருந்ததை இருந்தபடி எழுதினாள். பெரிய மருத்துவப் பத்திரிகை ஒன்று அதை வெளியிட்டது. அண்ணன் அந்த இதழுக்குப் பழுப்பு அட்டை போட்டு, கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் காட்டினான். ஒருவருக்கும் ஒரு வரியும் புரியவில்லை, ஆனால் எல்லோருக்கும் பெருமை. மில் மேனேஜர் முதல் பக்கத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தன் அறையில் மாட்டினார். தூசி மெஷின் பேச்சு அதோடு மூட்டை கட்டப்பட்டது.

அதற்குச் சில மாதம் கழித்து எங்கள் மாடிக்கு ஒரு அம்மா குடி வந்தாள். அதே மில்லில் கார்டிங் வேலை. கணவர் இல்லை. மகளை நர்ஸ் படிப்புக்கு வெளியூர் அனுப்பிவிட்டுத் தனியாக இருந்தாள். வந்த ஞாயிற்றுக்கிழமையே அவள் இருமலை அண்ணி கேட்டாகிவிட்டது. "சின்ன, வறட்டு இருமல். கதவை ரெண்டு தட்டுத் தட்டற மாதிரி. கவலைப்பட ஒண்ணுமில்லை" என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளைத் திருப்பினாள்.

திங்கட்கிழமைகளில் அண்ணி வீடு திரும்ப நேரமாகும். மாலையிலும் ஆஸ்பத்திரியில் நோயாளிகள் இருப்பார்கள். ஒரு திங்களன்று அங்கே வெள்ளையடிக்கிறார்கள் என்று சீக்கிரமே வந்துவிட்டாள். மில் சங்கு ஊதிக் கொஞ்ச நேரத்தில் மாடிப்படியில் யாரோ ஏறினார்கள். நாலு படி ஏறுவது, நின்று இருமுவது, மறுபடி ஏறுவது. அடியிலிருந்து புரட்டிக்கொண்டு வரும் இருமல்.

அண்ணி காதைத் தீட்டிக்கொண்டாள். "மாடிக்கு யாரோ விருந்தாளி வந்திருக்கார். வயசான ஆளு. ரொம்ப வருஷமா சிகரெட் பிடிக்கிறவர்."

வாசலில் நின்று பார்த்திருந்த அண்ணன் திரும்பினான். "விருந்தாளியுமில்லை, ஒண்ணுமில்லை. மாடியம்மாதான் போறாங்க."

"இல்லை."

"கண்ணால பார்த்தேன்ங்கறேன்."

"கண் ஏமாத்தும்."

"சரி, பந்தயம். அது மாடியம்மாவா இருந்தா ஒரு மாசத்துக்கு இந்த வீட்ல டேப் போடக் கூடாது."

"இல்லைன்னா என் வாட்சை ரிப்பேர் பண்ணித் தரணும்."

என்னை நடுவராகப் போட்டு மேலே அனுப்பினார்கள். மாடியம்மா படி முடிகிற இடத்தில் சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். நெஞ்சில் யாரோ கயிற்றைப் போட்டு இறுக்குகிற மாதிரி இருக்கிறது என்றாள். பின்னாலேயே அண்ணி வந்துவிட்டாள், பந்தயமாவது ஒன்றாவது. முதுகில் காதை வைத்தே கேட்டாள்.

"எப்பலேருந்து இப்படி?"

"இது என்ன டாக்டரம்மா, வாரா வாரம் வர்றதுதான். ஞாயித்துக்கிழமை பச்சைத் தண்ணியில குளிக்கிறேன், அதான் மறுநாள் பிடிச்சுக்குது. ரெண்டு மூணு நாள்ல தானா போயிடும். அதுக்காக வேலைய விடுன்னு மட்டும் சொல்லிடாதீங்க. பொண்ணு படிப்பு நடுவுல நிக்கும்."

"உன்னை ஏன் விடச் சொல்றேன்? முதல்ல அடுத்த ஞாயித்துக்கிழமை வெந்நீர்ல குளி."

வெந்நீரில் குளித்தாள். திங்களன்று அதே இருமல். அதற்கடுத்த ஞாயிறு குளிக்கவே வேண்டாம் என்றாள் அண்ணி. வைத்தியத்தின் பெயரில் குளிக்காமல் இருக்கும் பாக்கியம் யாருக்குக் கிடைக்கும்? மாடியம்மா சந்தோஷமாக ஒத்துக்கொண்டாள். அப்போதும் திங்களன்று அதே இருமல். அண்ணி தினமும் மாலையில் படியடியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து கேட்டாள், மாடியம்மாவின் சம்மதத்தோடு டேப்பிலும் பதிந்துகொண்டாள். செவ்வாயன்று இருமல் கொஞ்சம் இளகியது. புதனன்று மெலிந்தது. சனிக்கிழமை மாடியம்மா படியேறினாள், கதவை இரண்டு தட்டுத் தட்டுகிற மாதிரி பழைய குட்டி இருமல்.

அண்ணி நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அண்ணன் தேநீர் கொண்டுவந்தான்.

"ஒரே தொண்டை. ரெண்டு இருமல்" என்றாள். "என் காது ரெண்டு தடவையும் சரியாத்தான் கேட்டிருக்கு. ஒரு நாள் லீவுல தூசி இல்லாம இருந்துட்டு மறுபடி உள்ளே போனா, நெஞ்சு முறைச்சுக்குது. வாரக் கடைசிக்குள்ள பழகிப்போய் அடங்கிடுது. நான் மில்லுக்குப் போனது எந்தக் கிழமைங்க?"

அண்ணன் சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் பார்த்தான்.

"எல்லாம் சனிக்கிழமை. அவங்களுக்கு நல்லா இருக்கிற ஒரே நாளாப் பார்த்து, வருஷம் பூரா போயிருக்கேன்."

"அந்தக் கட்டுரையைக் காட்டித்தானே மெஷின் வேண்டாம்னுட்டாங்க?"

"ஆமா."

"இப்ப என்ன பண்ணப்போறே?"

"தப்பா எழுதினேன். சரியா எழுதணும். வேற என்ன, தலையில முக்காடு போட்டுக்கிட்டு உட்காரவா?" தேநீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டுத் டம்ளரை நீட்டினாள். "இன்னும் கொஞ்சம் குடுங்க. நிறைய வேலை இருக்கு."

அடுத்த வாரமே மேனேஜரிடம் போனாள். திங்கட்கிழமைகளில் வந்து பார்க்க வேண்டும் என்றாள். அவர் சிரித்த முகத்தோடு சுவரைக் காட்டினார். "அதான் நீங்களே இவ்வளவு தெளிவா எழுதியிருக்கீங்களே டாக்டர். திங்கட்கிழமை எங்களுக்கு வேலை நெருக்கடி. வெளியாள் யாரும் உள்ளே வர முடியாது."

"உள்ளேதானே வர முடியாது?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டாள்.

அடுத்த திங்களன்று மில் வாசலுக்கு எதிரே, பேருந்து நிறுத்தத்தில் ஒரு மேஜை முளைத்தது. ஆஸ்பத்திரியில் திங்கட்கிழமை முறையை வேறு கிழமைக்கு மாற்றிக்கொண்டு மேஜைக்கு இந்தப் பக்கம் அண்ணி, அந்தப் பக்கம் நான். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திப் பழகிய தொண்டை, அதனால் கத்துகிற உத்தியோகம் எனக்கு. "மூச்சை இழு! நல்லா இழு! இப்ப ஊது, ஊது, ஊது!" காலையில் உள்ளே போகுமுன் ஒரு ஊதல், வேலை முடிந்து வெளியே வந்ததும் ஒரு ஊதல். முதல் வாரம் ஆட்கள் கூச்சப்பட்டார்கள். அடுத்த வாரம் வரிசையில் நின்றார்கள். பிறகு அது பந்தயமாகவே ஆகிவிட்டது. பயில்வான் என்று பட்டப்பெயர் உள்ள ஒருவர் ஊதிய ஊதலில் மீட்டரின் முள் தெறித்து எதிர்க்கடைப் பலகையில் குத்தி நின்றது. நம்பாதவர்கள் பலகையைப் போய்ப் பார்க்கலாம், பலகை இப்போது இல்லை என்பது வேறு விஷயம். ஆனால் அதே பயில்வான் மாலையில் வந்து ஊதியபோது முள் பாதிகூட ஏறவில்லை. கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. அவரும் மீட்டரை ஒரு தரம் குலுக்கிப் பார்த்தார், பிறகு மறுபடி ஊதினார். அவ்வளவுதான் ஏறியது.

சனிக்கிழமைகளிலும் அதே மேஜை. தூசி இல்லாத மில் அலுவலகத்து ஆட்களுக்கும் அதே ஊதல், கடைத்தெருவுக்கும் அதே ஊதல். "இவங்க எதுக்கு அண்ணி?" என்றேன். "திங்கட்கிழமை வேலைக்குப் போக யாருக்குத்தான் பிடிக்கும்? அலுப்புல இறங்குதா, தூசியில இறங்குதான்னு தெரிய வேணாமா?" என்றாள். அலுவலகத்தாரின் முள் காலையிலும் மாலையிலும் ஒரே இடத்தில் நின்றது. அலுப்பு முகத்தில் மட்டும்தான் இருந்தது. தொழிலாளர் துறைக்கு அண்ணி எழுதிப் போட்டாள். விசாரணைக் குழு உட்காரும் என்று பதில் வந்தது, சனிக்கிழமை என்று தேதி போட்டு.

"சனிக்கிழமை என்னை ஒரு தடவை கழுத்தறுத்தது போதும்" என்று சொல்லி, அலைந்து திரிந்து அதைத் திங்கட்கிழமை மாலைக்கு மாற்ற வைத்தாள்.

நீளமான மேஜை, தண்ணீர் ஜாடி, தொழிலாளர் துறையிலிருந்து வந்த தலைவர், அவர் பக்கத்தில் இரண்டு உறுப்பினர்கள். மில் தரப்பில் பெரிய நகரத்திலிருந்து ஒரு நிபுணரை வரவழைத்திருந்தார்கள். டை கட்டிய, அமைதியான மனிதர். எழுந்து அண்ணியின் பழைய கட்டுரையிலிருந்து ஒரு பத்தியை நிறுத்தி நிதானமாகப் படித்தார். 'பஞ்சாலை வேலைக்கும் நெஞ்சுக் கோளாறுக்கும் தொடர்பு காணப்படவில்லை' என்று முடிந்தது அது. மேனேஜர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். கடைசி வரிசையில் ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்த மாடியம்மா, முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இதை எழுதியது யார் என்று சொல்ல முடியுமா?" என்றார் தலைவர்.

"தாராளமா. ஒரு முட்டாள்" என்றாள் அண்ணி. "அவளை எனக்குச் சின்ன வயசிலேருந்தே பழக்கம். ஆள் நல்லவ, கிழமை மட்டும் பார்க்கத் தெரியாது."

தலைவர் சிரிப்பை மறைக்கத் தண்ணீர் குடித்தார். அண்ணி சூட்கேஸ் டேப்பை மேஜையில் தூக்கி வைத்தாள். அதைப் பார்த்ததும் அண்ணன் பழக்கதோஷத்தில் எழுந்து வெளியே போகப் பார்த்தான், நான் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

இரண்டு இருமல்களைப் போட்டாள். நிபுணரைப் பார்த்து, "நீங்க சொல்லுங்க டாக்டர். யார் இவங்க?" என்றாள்.

அவர் இன்னொரு முறை போடச் சொன்னார். கண்ணை மூடிக் கேட்டார். "முதலாவது, பெண். தொண்டையில் லேசான எரிச்சல், அவ்வளவுதான். இரண்டாவது, வயதான ஆண். நீண்டகாலப் புகைப் பழக்கம்."

"நானும் எழுத்துக்கு எழுத்து இதையேதான் சொன்னேன். அதுல ஒரு பந்தயம் தோத்தேன். நம்ம ரெண்டு பேருக்கும் காதுல கோளாறு இல்லை." அண்ணி திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்தாள். "முதலாவது சனிக்கிழமை, ரெண்டாவது திங்கட்கிழமை. ரெண்டும் அதோ அங்கே உட்கார்ந்திருக்கிற அம்மா."

மாடியம்மா எழுந்தாள். தலைவர் அவளைப் பார்த்து, "அம்மா, நீங்கள் எந்தப் பகுதியில்..." என்று ஆரம்பித்தார். கார்டிங் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வந்தது அடியிலிருந்து புரட்டிக்கொண்டு வரும் அந்த இருமல். முன்னால் இருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு இருமினாள். அது ஓய வெகுநேரம் ஆயிற்று.

நிபுணர் கையை நீட்டி ஊதல் கணக்குகளைக் கேட்டு வாங்கினார். பொறுமையாகப் படித்தார். அலுவலகத்து ஆட்களின் பக்கத்தில் வந்ததும் நின்று, அதை மறுபடியும் படித்தார். பிறகு டையைத் தளர்த்திக்கொண்டு தன்னை அழைத்து வந்த மேனேஜரைப் பார்த்தே சொன்னார்: "இது சரியாக இருக்கிறது. நான் இதற்கு எதிராகப் பேச முடியாது."

உத்தரவு வந்தது. தூசி உறிஞ்சும் மெஷின் வைக்க வேண்டும். மூச்சு ரொம்பவும் இறங்கியவர்களைத் தூசி இல்லாத பகுதிக்கு மாற்ற வேண்டும். யாரையும் இதைச் சாக்கிட்டு வீட்டுக்கு அனுப்பக் கூடாது. அந்தக் கடைசி வரிக்காக அண்ணி கூடுதலாக ஒரு மணி நேரம் வாதாடினாள். மாடியம்மாவை நூல் கட்டுகளை அடுக்கும் பகுதிக்கு மாற்றினார்கள், சம்பளம் குறையாமல்.

இரண்டாவது கட்டுரையும் அதே பத்திரிகைக்குப் போயிற்று. 'இதே ஆசிரியர் முன்பு எழுதிய கட்டுரை தவறானது' என்பது அதன் முதல் வரி. கொஞ்சம் மென்மையாகச் சொல்லலாமே என்று ஆசிரியர் குழு கேட்டது. எழுத்தைக் கொஞ்சம் பெரியதாகப் போட்டாலும் ஆட்சேபம் இல்லை என்று அண்ணி பதில் எழுதினாள். வெளிவந்ததும் முதல் பக்கத்துக்கு அண்ணன் கையாலேயே கண்ணாடிச் சட்டம் செய்ய வைத்து, பழையதற்குப் பக்கத்தில் மாட்டிக்கொள்ளும்படி மேனேஜருக்கு அனுப்பினாள். மாட்டினாரா என்று தெரியாது. திருப்பி அனுப்பவில்லை.

அதற்குப் பிறகு அவள் எத்தனையோ ஆலைகளுக்குப் போனாள். மாவு ஆலை, மரப்பட்டறை, கல் உடைக்கும் இடம் என்று தூசி பறக்கிற இடமெல்லாம் அவளுக்குத் தாய்வீடு. மாணவர்கள் சேர்ந்தார்கள். எந்த நாட்டிலிருந்து யார் ஆய்வோடு வந்து நின்றாலும் அவள் முதலில் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "நீ எந்தக் கிழமை போனே?" பந்தயத்தில் தோற்றதற்காக அந்த ஒரு மாதம் டேப்பை வீட்டில் போடவில்லை. பேருந்து நிறுத்தத்தில் வைத்துப் போட்டாள்.

மெஷின் ஓட ஆரம்பித்த அடுத்த வருடம், ஒரு திங்கட்கிழமை மாலை. நானும் அண்ணியும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். மில் சங்கு ஊதியது. கொஞ்ச நேரத்தில் மாடிப்படியில் காலடிச் சத்தம். நிற்காமல், மூச்சு வாங்காமல், கடகடவென்று மேலே போயிற்று.

அண்ணி தலையைச் சாய்த்துக் கேட்டாள். புருவத்தைச் சுருக்கினாள். மறுபடி கேட்டாள். பிறகு பொறுக்க முடியாமல் எழுந்து போய்ப் படியடியில் நின்று குரல் கொடுத்தாள்.

"யாரது மேலே போறது?"

"நான்தான் டாக்டரம்மா! ஏன், என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாம், போ." திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். முகத்தில் அப்படி ஒரு எரிச்சல், அதற்கு அடியில் அப்படி ஒரு சிரிப்பு. "இருமாம போனா ஆள் யாருன்னு நான் எப்படிடி கண்டுபிடிக்கிறது?"